வண்டிக்குப் பின்னால் டகோட்டா

"கறுப்புக் கவுன் ஏதாவது இருக்கா?"

வாசலிலேயே நின்றுகொண்டு கேட்டார் ரான்சம் பெட்டிஃபோர்ட். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. அடுப்பங்கரையில் அவர் மனைவி லூவினியா, மகள் கலிஸ்டாவுக்காகத் தைத்து முடித்த வெள்ளை மஸ்லின் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் மதியம் ஊர்வலம். இடுப்பில் கட்ட நீலப் பட்டு நாடாவும் தயாராக இருந்தது.

"யாரு செத்துட்டா?" என்றாள் நிமிராமல்.

"யாரும் சாகல."

"பின்ன கறுப்பு எதுக்கு?"

"கலிஸ்டாவுக்குத்தான். வண்டியில எடம் இல்லையாம். அதுக்குப் பதிலா டகோட்டாவா வரச் சொல்றாங்க."

லூவினியா இஸ்திரிப் பெட்டியை அடுப்பின் மேல் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதைக்குச் சொல்வது. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விஷயம் இதுதான். அது ஆயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டாம் வருஷம், ஜனாதிபதித் தேர்தல். ஓஹியோ நதிக்கரையில் எங்கள் பெல்போர்ட் சின்ன ஊர். கட்சிப் பற்றில் மட்டும் பட்டணம். எங்களுடையது அடிமை விலங்கை உடைத்த கட்சியாக்கும். அதை நாங்கள் மறந்ததே இல்லை. நாலு வருஷத்துக்கு ஒரு தரம், தேர்தல் நெருங்கும்போது, தவறாமல் ஞாபகம் வந்துவிடும்.

எங்கள் பக்கத்தில் கட்சி ஊர்வலம் என்றால் மாநில வண்டி இல்லாமல் கிடையாது. பெரிய வைக்கோல் வண்டியை ஜோடித்து, பலகை போட்டு, மாநிலத்துக்கு ஒரு பெண்ணாக முப்பத்தெட்டுப் பெண்களை வெள்ளைக் கவுனில் உட்கார வைப்பார்கள். நெஞ்சுக்குக் குறுக்கே மாநிலத்தின் பெயர் எழுதிய பட்டை. நடுவில் உயரமான மேடையில், கையில் பந்தத்தோடு சுதந்திர தேவி. அந்த வண்டியில் ஏறும் யாருக்கும் வயசு வந்தாலும் ஓட்டு கிடையாது, அவர்கள் அம்மாக்களுக்கும் கிடையாது. ஆனாலும் வண்டியைக் கண்டால் ஆண்களுக்குக் கண் கலங்கிவிடும். வண்டியில் ஏறிய பெண்ணுக்கு ஊரில் ஒரு மதிப்பு. அவள் கல்யாணத்தில்கூட அதைச் சொல்லிக் காட்டுவார்கள்.

எங்கள் ஊர்க் கறுப்பர்கள் உள்நாட்டுப் போருக்குப் பிறகு நடந்த எந்தத் தேர்தலிலும் இந்தக் கட்சிக்குத் தவிர வேறு யாருக்கும் ஓட்டுப் போட்டதில்லை. அவர்களுக்கென்று ஒரு கட்சிச் சங்கம், அதற்கு ரான்சம்தான் தலைவர். ஐம்பது அறுபது ஓட்டு இருக்கும். மாவட்டத்தில் ஜெயிப்பதும் தோற்பதும் அந்த ஐம்பது அறுபதில்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். வெளியே பேசுவது நாகரிகமில்லை. அந்த வருஷம் சங்கம் கூடி, முதல் தடவையாக ஒன்று கேட்டது. தபால் ஆபீசில் வேலை கேட்கவில்லை. தங்கள் தெருவுக்குக் கல் பாவித் தரச் சொல்லிக் கேட்கவில்லை. மாநில வண்டியில் தங்கள் பெண் ஒருத்தியும் உட்காரட்டும் என்று கேட்டார்கள், அவ்வளவுதான்.

கட்சித் தலைவர் கர்னல் ஆம்ப்ரோஸ் விட்காம் உடனே சம்மதித்தார். கர்னல் போரில் கம்பளிக் கிடங்கைக் காவல் காத்தவர். அந்தக் கம்பளிகள் ஒன்றுகூட எதிரி கையில் சிக்கவில்லை என்பது வரலாறு. அவர் சம்மதித்த இடம் ரான்சமின் சவரக் கடை. முகமெல்லாம் சோப்பு நுரை, தொண்டைக் குழியில் சவரக்கத்தி. அந்த நிலையில் எந்த மனுஷனும் தாராளமாகத்தான் இருப்பான்.

அப்புறம் கர்னல் வீட்டுக் கூடத்தில் பெண்களின் தாய்மார்கள் கூடினார்கள்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க. கலிஸ்டா தங்கமான பொண்ணு, எங்க வீட்டுக்குத் துணி கொண்டாந்து குடுப்பா. மத்தவங்க என்ன நினைப்பாங்களோன்னுதான்" என்றாள் ஒரு அம்மாள்.

"எனக்கும் ஒண்ணும் இல்ல. மத்தவங்களை நினைச்சாத்தான்" என்றாள் இன்னொருத்தி.

இப்படியே கூடம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார்கள். ஒருத்திக்கும் ஆட்சேபணை இல்லை. அந்த மத்தவங்க யார் என்று தேடினால், பாவம், அவர்கள் அன்றைக்குக் கூட்டத்துக்கு வரவில்லை போலிருக்கிறது.

கர்னல் ராத்திரியெல்லாம் தூங்காமல் வழி கண்டுபிடித்தார். டகோட்டா! அப்போது டகோட்டா இன்னும் மாநிலம் ஆகவில்லை. எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று வருஷக்கணக்காக வாஷிங்டன் கதவைத் தட்டிக்கொண்டிருந்த பிரதேசம். எதிர்க்கட்சி குறுக்கே நின்றது. அதனாலேயே எங்கள் கட்சிக்கு டகோட்டாவின் மேல் கொள்ளைப் பிரியம். ஆக, கலிஸ்டா டகோட்டா. கறுப்புக் கவுன் போட்டு, கழுத்தில் 'என்னை உள்ளே விடுங்கள்' என்று எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் நடந்து வர வேண்டியது. வாக்குக் கொடுத்தபடி ஊர்வலத்தில் இடமும் ஆயிற்று, தாய்மார்களுக்கும் நிம்மதி.

"முக்கியமான வேஷமாம்" என்றார் ரான்சம், தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு. "வண்டியில முப்பத்தெட்டுப் பேர் கும்பலா இருப்பாங்க. டகோட்டா ஒருத்திதான் தனியா தெரிவாளாம். கர்னலே சொன்னாரு."

"நல்லாத் தெரிவா. பொணத்துக்குப் பின்னால போற மாதிரி தெரிவா." லூவினியா இடுப்பில் கைவைத்துத் திரும்பினாள். "நீங்க என்ன சொன்னீங்க, மிஸ்டர் பெட்டிஃபோர்ட்?"

ஊரில் வெள்ளைக்காரர் எவரும் அவரை மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. ஏழு வயசுப் பொடியனுக்கும் அவர் வெறும் ரான்சம்தான். லூவினியா மட்டும் அப்படிக் கூப்பிடுவாள். அன்பு மிகுந்தபோது ஒரு தொனியில், கோபம் மிகுந்தபோது இன்னொரு தொனியில். இது இரண்டாவது.

"என்னத்தச் சொல்றது? சரின்னேன். கடை நடக்கறதே அவங்களாலதானே?"

"அதானே! கடை!" லூவினியாவுக்குக் குரல் ஏறிற்று. "உங்க கூடப் பொறந்த அண்ணன், வாரத்துக்கு ஒருநா இந்தச் சமையல்கட்டுக்குப் பின்வழியா வந்து, மாவு டப்பா மேல உக்காந்து முடி வெட்டிக்கறாரு. ஏன்? உங்க கடை நாற்காலியில ஒரு கறுப்பன் உக்காந்தா வெள்ளைக்காரன் அதுல உக்கார மாட்டான். உங்க சொந்த நாற்காலியிலயே நம்மாளுக்கு எடம் குடுக்க முடியல, அவன் வண்டியில எடம் கேக்கப் போயிட்டீங்க!"

ரான்சமுக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் மட்டுமில்லை, நதி நெடுகிலும் கறுப்பர் நடத்தும் நல்ல சவரக் கடையெல்லாம் அப்படித்தான் நடந்தது. கறுப்பன் கை கழுத்தில் படலாம், கறுப்பன் உட்கார்ந்த இடம் முதுகில் படக் கூடாது. இதற்கு விளக்கம் கேட்டால் எங்கள் ஊர்ப் பாதிரியாராலும் சொல்ல முடியாது.

"அவ வீட்டுலயே கெடக்கட்டும்" என்று லூவினியா வெள்ளைக் கவுனைச் சுருட்டினாள். "என் பொண்ணு எவன் வண்டிக்குப் பின்னாலயும் நடக்க வேண்டாம்."

மாடிப்படியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கலிஸ்டா எழுந்து வந்தாள். பதினஞ்சு வயசு. அப்பாவின் நெற்றி, அம்மாவின் வாய். இரண்டு வாரமாக அந்த வண்டியில் எந்தப் பக்கம் உட்காருவோம் என்று கனவு கண்டு கொண்டிருந்த பெண்; அழுத கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் வந்தாள்.

"நான் போறேம்மா."

"வெக்கமா இல்லையாடி உனக்கு?"

"வெக்கமாத்தான் இருக்கு. நான் போகலேன்னா, பாத்தியா, நாம கூப்பிட்டோம், அதுங்கதான் வரலேன்னு சொல்லுவாங்க. அது இன்னும் வெக்கம். பெரியம்மா சாவுக்குத் தெச்ச கறுப்பு இருக்கில்ல? குடு."

லூவினியா துணிப்பெட்டியைத் திறந்தாள். அந்தக் கறுப்புக் கவுனுக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு மடிப்பு விடாமல் இஸ்திரி போட்டாள்.

மறுநாள் ஊர்வலம் ரயிலடியிலிருந்து புறப்பட்டது. முன்னால் பாண்டு வாத்தியம். அதற்குப் பின் போர் வீரர்கள். அதற்குப் பின் மாநில வண்டி, அதன் பின்னால் பத்தடி விட்டு டகோட்டா. அடுத்து இன்னொரு வண்டியில் ஆடுகள். அந்நிய நாட்டுக் கம்பளிக்கு வரி போட்டால்தான் எங்கள் ஊர் ஆடு பிழைக்கும் என்பது அந்தத் தேர்தலின் பெரிய பேச்சு. ஆடுகளுக்குப் பின்னால் ரான்சமும் அவர் சங்கத்து ஆட்களும், ஆடுகள் விட்டுச் சென்றதை மிதிக்காமல் பார்த்துப் பார்த்து நடந்து வந்தார்கள். இந்த வரிசையைப் போட்டவரும் கர்னல்தான்.

மூலைக்கு மூலை ஊர்வலம் நிற்கும். கர்னல் குதிரை மேல் இருந்தபடி பெரிய தகரக் குழலை வாயில் வைத்துக் கத்துவார்.

"பின்னால தனியா வர்றது யாரு?"

"டகோட்டா!" என்று கூட்டம் கத்தும்.

"கதவைத் தட்டறா! உள்ள விடலாமா?"

"விடு! உள்ள விடு! உள்ள விடு!"

தொப்பிகள் பறக்கும். பாண்டு முழங்கும். வண்டி புறப்படும், டகோட்டா பின்னால் நடப்பாள். முதல் மூலையில் இப்படி. பள்ளிக்கூட மூலையில் இப்படி. எவனோ குடித்துவிட்டு வந்தவன் உணர்ச்சிவசப்பட்டு அழுதே விட்டான். "பாவம் அந்தப் புள்ள, இன்னும் எத்தனை நாள்தான் வெளிய நிக்கும்!" என்றான். தெருவில் தூசி; முன் வண்டிச் சக்கரம் கிளப்புவதெல்லாம் கலிஸ்டாவின் வாயில். வண்டியின் பின் பலகையில் உட்கார்ந்திருந்த வெர்மாண்ட் மாநிலம், மளிகைக் கடைக்காரர் மகள், ஆறாம் வகுப்பில் கலிஸ்டாவோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவள், அவளைப் பார்க்க முடியாமல் தன் காலணியைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பாங்கி மூலையில்தான் கூட்டம் அதிகம். கர்னலுக்குக் குரல் நன்றாகப் பழகிவிட்டிருந்தது.

"உள்ள விடலாமா?"

"விடு! உள்ள விடு!"

"என்ன, காதுல விழல! விடலாமா?"

"விடு! விடு! விடு!"

கலிஸ்டா கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றினாள். பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த பாங்கி குமாஸ்தாவிடம் கொடுத்தாள், அவரும் வாங்கிக்கொண்டார். கவுனைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு வண்டிச் சக்கரத்தின் குடத்தில் கால் வைத்தாள். வண்டி ஓட்டி ஓட்டோ க்ரீபெல், பீர் ஆலை வண்டிக்காரர், ஜெர்மன்காரர், போதாததற்கு எதிர்க்கட்சி. திரும்பிப் பார்த்தார். ஒரு பெண் வண்டியில் ஏறினால் கை கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவருக்குத் தெரியும். இறங்கி வந்து கொடுத்தார்.

வெர்மாண்ட் யாரும் சொல்லாமலே நகர்ந்து இடம் விட்டாள். கலிஸ்டா உட்கார்ந்தாள்.

கூட்டம் ஒரு நிமிஷம் கத்திக்கொண்டேதான் இருந்தது. விஷயம் மண்டையில் ஏற அவகாசம் வேண்டாமா? அப்புறம் ஒவ்வொரு வாயாக மூடிற்று.

"அடியே! கீழ எறங்குடி!" என்று ஒரு தாயின் குரல் கேட்டது.

சரித்திரம் படித்தவர்கள் முதலில் இறங்கியது தென் கரோலினா என்று நினைப்பீர்கள். அடிமைகளை விட மனமில்லாமல் நாட்டை உடைத்துக்கொண்டு முதலில் போனது அதுதானே? இல்லை. முதலில் இறங்கியது மாசசூசெட்ஸ். அடிமைத்தனம் ஒழிய வேண்டும் என்று எல்லாருக்கும் முன்னால் தொண்டை கிழியக் கத்திய மாசசூசெட்ஸ். அதன் பின்னால் மேய்ன், கனெக்டிகட், நியூயார்க். எங்கள் ஓஹியோ செருப்பு கழன்று விழுந்ததைக்கூட எடுக்காமல் ஓடிற்று. வெர்மாண்ட் அழுதுகொண்டே இறங்கினாள். அவள் அப்பாவே வந்து தோளைப் பிடித்துத் தூக்கி இறக்கினார். கடைசி வரை உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? தென் கரோலினாதான். அந்தப் பெண்ணின் அம்மா ஊர்வலத்துக்கு வரவில்லை, சொல்ல ஆள் இல்லை. பக்கத்து வீட்டு அம்மாள் போய்க் கையைப் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தாள்.

போரில் ஆறு லட்சம் பேரைக் கொன்று ஒட்டவைத்த நாடு. பாங்கி மூலையில் ஒரு பெண் உட்கார்ந்ததும் பிரிந்துவிட்டது.

இறங்காதது சுதந்திர தேவி ஒருத்திதான். அவள் கர்னலின் மகள் ஹென்ரியட்டா. வண்டி குலுங்கினால் விழுந்துவிடக் கூடாது என்று, அவளை இடுப்பில் இரண்டு தோல் வாரால் இரும்புக் கம்பத்தோடு பின்னால் இறுக்கிக் கட்டி, மேலே கொடித் துணியால் மூடியிருந்தார்கள். தானாக அவிழ்க்க முடியாது.

"அப்பா! என்னையும் எறக்கி விடுங்கப்பா!" என்று சுதந்திர தேவி ஓலமிட்டாள்.

கர்னலுக்கு முகம் பீட்ரூட்டாகிவிட்டது. குதிரையைத் திருப்பினார்.

"ரான்சம்! எங்கடா அவன்? கூப்பிடு அவனை!"

ஆடுகளைத் தாண்டி ஓடி வந்தார் ரான்சம்.

"உன் பொண்ணை எறக்கு."

ரான்சம் வண்டியைப் பார்த்தார். முப்பத்தெட்டுப் பேர் உட்கார்ந்த பலகையில் ஒருத்தி, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, நேராகப் பார்த்தபடி. எதிர்ப்புறத்து நடைபாதையில், வர மாட்டேன் என்று சொன்ன லூவினியா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். அவள் மகளைப் பார்க்கவில்லை. கணவனைத்தான் பார்த்தாள்.

"காது கேக்கலையா? திங்கக்கெழமை உன் கடைப் படியை ஒருத்தன் மிதிக்க மாட்டான். நான் பாத்துக்கறேன்."

இருபது வருஷக் கடை. கண்ணாடி சின்சினாட்டியிலிருந்து வந்தது, நாற்காலிக்கு இன்னும் மினுமினுப்புப் போகவில்லை.

"உள்ள விடுன்னு கூட்டந்தான் கத்துச்சு, கர்னல். நான் பின்னால ஆட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தேன், எனக்கே கேட்டுச்சு. உங்க குரல்தான் எல்லாத்தையும் விடப் பெரிசாக் கேட்டுச்சு."

"அது சும்மாடா! ஊர்வலத்துக்குக் கத்தறது!"

"அது அவளுக்குத் தெரியாதுங்களே. நிசம்னு நினைச்சுட்டா." ரான்சம் தொப்பியைத் தலையில் வைத்து அழுத்திக்கொண்டார். "எறங்கச் சொல்ல எனக்கு வாய் வரல, கர்னல். கடையை என்ன வேணா பண்ணிக்கோங்க."

கர்னல் ஓட்டோ பக்கம் பாய்ந்தார். "வண்டியைத் திருப்பு! அப்படியே திரும்பிப் போகட்டும்!"

"எங்க திருப்பறது?" என்றார் ஓட்டோ, புகைக்குழாயை வாயிலிருந்து எடுக்காமலே. "முன்னால பாண்டு போயிட்டுது. பின்னால ஆடு மோதுது. என்னை ஊர்வலம் முடியற வரைக்கும் ஓட்டத்தான் கூப்பிட்டீங்க." குதிரைகளைத் தட்டினார். வண்டி கிளம்பிவிட்டது.

மேலே ஹென்ரியட்டா விசும்பிக்கொண்டிருந்தாள்.

"கை வலிக்குது" என்றாள் யாரிடம் என்றில்லாமல்.

"பந்தத்தைக் கீழ எறக்கிக்கோ" என்றாள் கலிஸ்டா. "உன்னை இப்ப யாரு பாக்கறா?"

கோர்ட்டு மைதானத்தில் மேடை. மேடையில் வெளியூரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய முன்னாள் செனட்டர் ஒருவர் காத்துக்கொண்டிருந்தார். வெள்ளைத் தாடி, வெண்கலக் குரல். கட்சிக்காக ஆயிரம் கூட்டத்தில் பேசியவர். பாங்கி மூலையில் நடந்த கூத்து அவருக்குத் தெரியாது. திருப்பத்தில் வண்டி வந்து நின்றது. உயரத்தில் கண்ணீர் வழியும் சுதந்திர தேவி. அவள் காலடியில், காலியான பலகைகளின் நடுவே, கறுப்பு உடையில் ஒரு கறுப்புப் பெண். செனட்டருக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"ஆகா! ஆகா!" என்று எழுந்து விட்டார். "எத்தனை ஊர் பாத்திருக்கேன்! முப்பத்தெட்டு மாநிலத்தை உக்கார வெச்ச வண்டியைத்தான் எல்லாரும் காட்டுவாங்க. நீங்க என்ன பண்ணியிருக்கீங்க? மொத்த வண்டியையும் விடுதலை பெற்ற இனத்தோட ஒரு பொண்ணுக்கே குடுத்துட்டீங்க! அவளுக்காகச் சுதந்திர தேவி கண்ணீர் விடறா! இதுதானய்யா நம்ம கட்சி! யாரு யோசனை இது?"

ரான்சமின் சங்கத்து ஆள் ஒருவர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "கர்னல் விட்காமோட யோசனைங்க!"

செனட்டர் மேடையிலிருந்து கையை நீட்டி, கர்னலை மேலே இழுத்து, கட்டிக்கொண்டார். கூட்டம் கைதட்டித்தானே ஆக வேண்டும்? தட்டியது. கர்னல் குனிந்து வணங்கினார். பல் வலிக்காரன் சிரிப்பு ஒன்று அவர் முகத்தில் இருந்தது. தாய்மார்களும் தட்டினார்கள், கையுறை போட்ட கைகள், சத்தம் வரவில்லை.

செனட்டருக்கு ஆர்வம் அடங்கவில்லை. மேடை விளிம்புக்கு வந்தார்.

"குழந்தே, நீ எந்த மாநிலம்மா? எல்லாருக்கும் கேக்கற மாதிரிச் சொல்லு!"

கலிஸ்டா எழுந்து நின்றாள்.

"டகோட்டாங்க ஐயா. இன்னும் மாநிலம் ஆகல. வண்டிக்குப் பின்னால நடந்து வந்தேன். உள்ள விடு, உள்ள விடுன்னு ஊரே கத்துச்சு. நிசம்தான்னு ஏறினேன். ஏறின உடனே மத்த முப்பத்தெட்டும் எறங்கிப் போயிடுச்சு."

பின் வண்டியில் ஒரு ஆடு கத்தியது, அவ்வளவுதான். கலிஸ்டா கவுனைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

செனட்டர் கூட்டத்தைப் பார்த்தார். கர்னலைப் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. புரியாமல் இருக்க அவர் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் நாற்பது வருஷமாகப் பேசிப் பேசிப் பழகிய வாய் அது. கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தார், மூக்குக் கண்ணாடியை மாட்டினார், எழுதி வைத்திருந்த முதல் வரியை வெண்கலக் குரலில் வாசித்தார்.

"நண்பர்களே! நம்முடைய இந்த ஒன்றியத்தை உலகத்தில் எந்தச் சக்தியாலும் பிரிக்க முடியாது!"

கூட்டம் அலறிக்கொண்டு கைதட்டியது. தாய்மார்களின் பக்கத்தில் நின்றிருந்த முப்பத்தெட்டு மாநிலங்களும் சேர்ந்து தட்டின.